மூடியின் மேல் ஒரு சந்தனக் கோடு

உன்னை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. உன் அப்பா கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். உன் அறையில் மின்விசிறியை அணைக்காமல் போயிருக்கிறாய். அதை அணைத்துவிட்டு, நீ காலி செய்துவிட்டுப் போன மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "சரிம்மா" என்பாய். உன்னுடைய "சரிம்மா"வை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டு வருகிறேன். அது ஒரு கதவு, மெதுவாகத்தான் சாத்துவாய், ஆனால் சாத்திவிடுவாய். கடிதத்தை அப்படிச் சாத்த முடியாது. இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் வெளியிடப் போகிறேன் என்று தெரிந்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சமையல் என்று கேட்டாலே பாதிதான் சொல்லுகிற ஆள் நான். ஆனால் நீ இன்று போய் உட்காரப்போவது மாதிரியான மேசைகளில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரும் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை. அது போதும்.

நீ சேர்ந்திருப்பது நம் வீட்டுக் காரைச் செய்த கம்பெனியில். அதிலும், பழுதாகி வரும் வண்டிகளுக்கு வாரண்டி உண்டா இல்லையா என்று முடிவு சொல்கிற பிரிவில். கல்லூரியில் உனக்கு அந்த வேலை கிடைத்த அன்று உன் அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். அதற்குச் சில வாரங்கள் கழித்து நம் வண்டியின் எஞ்சின் போனது. அன்றிலிருந்து உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது தீர்ந்தது. தீர்ந்த இடத்திலேயே இன்னொன்று முளைத்தது. அந்த இரண்டாவதை உன்னிடம் நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது.

பங்குனி வெயில். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கிற கல்லூரி நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொள்ளிடம் பாலத்தில் பாதி தாண்டியிருப்பேன், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல முன்னால் ஒரு சத்தம். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது, எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டது. "அது எரிஞ்சா ஒரு அடிகூட ஓட்டாதம்மா, நடு ரோடா இருந்தாலும் நிறுத்திடு" என்று நீதான் சொல்லிக் கொடுத்திருந்தாய். நிறுத்தினேன். பின்னால் வந்த அரிசி லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏம்மா, பாலத்துல நின்னு தண்ணி பாக்குறீங்களா? தண்ணியே இல்லியே!" என்றார். சிரிப்பு வரவில்லை. வண்டி வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கூடுதலாகப் பணம் கட்டி வாரண்டியை நீட்டித்திருந்தோம். ஒரு சர்வீஸ்கூடத் தள்ளிப்போட்டதில்லை. எல்லாமே கம்பெனிப் பெயர்ப்பலகை மாட்டிய அந்த பைபாஸ் ரோட்டு சர்வீஸ் சென்டரில்தான். கடைசி சர்வீஸ் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. எஞ்சின் ஆயில் மாற்றியதாகப் பில்லும் தந்தார்கள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆயில் தார் மாதிரி கெட்டியாகிப் போய், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், உள்ளே எல்லாம் உரசித் தேய்ந்துவிட்டது என்றார்கள். எஞ்சினையே மாற்ற வேண்டும். செலவைக் கேட்டபோது உன் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாரண்டி இருக்கிறதே என்றோம். கம்பெனிக்கு எழுதுகிறோம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியின்மேல் வேற்றுப் பொருள் படிந்திருக்கிறது, எனவே வெளியாட்கள் மூடியைத் திறந்து அனுமதிக்கப்படாத ஏதோ ஒன்றை உள்ளே ஊற்றியிருக்கிறார்கள், எனவே வாரண்டி செல்லாது. ஆதாரமாக ஒரு படம் இணைத்திருந்தார்கள். படத்தில் நம் வண்டியின் ஆயில் மூடி. அதன்மேல் காய்ந்துபோன சந்தனம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனத்தை வேற்றுப் பொருள் என்று எழுதியிருக்கிறானே, இவன் எந்த ஊர்க்காரன் என்று. உனக்கு நினைவிருக்கும், அந்த மூடிக்குச் சந்தனம் பூசுவது உலக வழக்கமில்லை, நம் வீட்டு வழக்கம், அதுவும் நீ தொடங்கி வைத்தது. நம்மிடம் அந்தப் பழைய கார் இருந்தபோது உனக்கு ஆறு வயது இருக்கும். உன் அப்பா பானெட்டின் வெளியே பொட்டு வைத்தார். "அப்பா, வண்டிக்கு நெத்தி எது?" என்று கேட்டாய். "இதாண்டா" என்று பானெட்டைத் தட்டினார். "அது தொப்பிப்பா. தொப்பிக்குப் போயி பொட்டு வைக்கிற?" என்றாய். பானெட்டைத் திறக்க வைத்து, உள்ளே தேடி, எண்ணெய் ஊற்றும் வட்ட மூடிதான் நெற்றி என்று நீயே முடிவு செய்தாய். கோயில் யானைக்கு நெற்றியில் தொடங்கித் துதிக்கை வரை இழுத்துவிடுவார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மூடியில் விரலை வைத்து, எடுக்காமல், கீழே எஞ்சினின் மேல்தட்டு வரை ஒரே இழுப்பாக இழுத்தாய். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அது உன் வேலை. மீசை முளைத்த பிறகும், பொறியியல் படிக்கப் போன பிறகும், அதே மாதிரிதான் இழுத்தாய். கேலியாகச் செய்வதாக முகத்தை வைத்துக்கொள்வாய், ஆனால் விரலை எடுக்க மாட்டாய்.

கோபம் அடங்கியதும் சந்தேகம் வந்தது. கம்பெனிமேல் இல்லை, உன்மேல். தீபாவளி விடுமுறையில் உன் மேசையில் ஒரு சிறு பாட்டிலைப் பார்த்திருந்தேன். எஞ்சின் ஆயிலில் கலந்தால் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்று படம் போட்டது. அந்த மாதிரி வீடியோக்களை நீ மணிக்கணக்கில் பார்ப்பாய். படித்த பிள்ளை, பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். கம்பெனிக்காரன் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால்? நான் நியாயம் கேட்டு அத்தனை பேருக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போது, தப்பு என் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியில் நீ காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நீ அந்த மூடியத் திறந்தியாடா?"

"இல்லம்மா."

"அந்த பாட்டில்?"

"அது பிரெண்டோட பைக்குக்கும்மா. அன்னைக்கே சொன்னேன்ல? எத்தன வாட்டி கேப்ப?"

"பைக்குக்கு வாங்குனத எதுக்கு நம்ம வீட்ல வச்சிருந்த?"

உள்ளேயிருந்து உன் அப்பா குரல் கொடுத்தார். "விட்டா கைரேகை எடுத்துருவா போலிருக்கே. டேய், கைய நீட்டுடா, அம்மா மை வச்சுக்கிட்டு வர்றா."

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அதில் பாதிக் காபி அப்படியே இருந்தது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் போனைப் பார்ப்பாய். நீ போனைப் பார்ப்பதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். சந்தேகம் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் தின்னும். ஒருவன் பேசினால் ஏன் இத்தனை விளக்குகிறான் என்று தோன்றும். பேசாவிட்டால் ஏன் வாயை மூடிக்கொண்டான் என்று தோன்றும்.

இதற்கு நடுவில் நான் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். கம்பெனியைக் கேட்டால், சர்வீஸ் சென்டர் தனி நிறுவனம், அவர்கள் அறிக்கையை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம் என்பார்கள். சர்வீஸ் சென்டரைக் கேட்டால், முடிவு எங்களுடையதில்லை மேடம், கம்பெனியுடையது என்பார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதிய பிறகுதான் கம்பெனியின் வட்டார மேலாளர் நேரில் வந்தார். நீயும் கூட வந்திருந்தாய். ஏசி அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரித்துப் போட்ட நம் வண்டி. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு டீ சொன்னார், உனக்கும் சொன்னார்.

"தம்பி நம்ம கம்பெனிலதான் ஜாயின் பண்றாராமே மேடம்? சொல்லவே இல்லியே!"

"யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றேன்.

"இதெல்லாம் தெரியாம இருக்குமா மேடம்? சந்தோஷமான விஷயந்தானே. இனிமே நாமெல்லாம் ஒரே குடும்பம். நமக்குள்ளயே எதுக்கு கேஸு கீஸுன்னு... மேல பேசி, பாதிச் செலவ கம்பெனி ஏத்துக்கிற மாதிரி பண்ணிருக்கேன். ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

கையெழுத்துப் போடச் சொன்ன தாளைப் படித்தேன். கோளாறு வாடிக்கையாளரின் செயலால் ஏற்பட்டது, கம்பெனி நல்லெண்ணத்தால் உதவுகிறது, இதைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "போட்டுரும்மா. பாதி கெடைக்குதுல்ல?" என்றாய்.

அன்றைக்குத்தான் நான் உன்மேல் நிஜமாகவே சந்தேகப்பட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மீதிச் சில்லறை தராத கண்டக்டரோடு, பஸ் கிளம்பிய பிறகும் ஓடிக்கொண்டே வாதாடியவன் நீ. செய்யாத தப்பைச் செய்ததாக எழுதிக் கொடு என்று உன்னால் எப்படிச் சொல்ல முடியும்? ஒன்று, நீ மூடியைத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உன் வேலைக்காகச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "படிக்க என்ன மேடம் இருக்கு, ஒரு பக்கந்தானே" என்று அவர் சிரித்தார். நூலகத்தில் வேலை செய்கிறவளிடம் சொல்ல வேண்டிய வார்த்தையா அது?

மறுநாள் மதியம் நூலகத்தில் யாருமில்லை. கம்பெனி அனுப்பிய படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பெரிதாக்கினேன். நான் எதைத் தேடினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ திறந்ததற்கான அடையாளத்தைத் தேடினேன். சந்தனத்தில் விரல் பட்ட தடம், மூடியைத் திருகிய கீறல், சொட்டிய துளி, எதுவாவது. உன்னைப் பிடிக்கத்தான் பார்த்தேன். பெரிதாக்க ஆக்க, கோடு தெரிந்தது. நெற்றியில் தொடங்கித் துதிக்கை வரை இறங்கும் உன் கோடு. மூடியில் தொடங்கி, மூடியின் விளிம்பைத் தாண்டி, மேல்தட்டில் இறங்கியிருந்தது. எஞ்சின் சூட்டில் சுட்டுச் சுட்டு ஓடு மாதிரி இறுகியிருந்தது. விளிம்பு சேருகிற இடத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. குங்குமப் பொட்டு பாதி மூடியிலும் பாதி தட்டிலுமாக, முழு வட்டமாக அப்படியே இருந்தது.

அந்த மூடியை யாராவது ஒருமுறை திருகித் திறந்திருந்தாலும் அந்தக் கோடு உடைந்திருக்கும். திரும்ப மூடினால் பொட்டின் இரண்டு பாதிகளும் சேராது. நீ திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், அப்புறம்தான் உறைத்தது. யாருமே திறக்கவில்லை என்றால், அந்த யாருமே என்பதில் அவர்களும் சேர்த்திதானே? பொங்கல் கழிந்து ஆயில் மாற்றியதாகச் சொன்னார்களே, மூடியைத் திறக்காமல் புது ஆயிலை எந்த வழியாக ஊற்றினார்கள்? வண்டியைக் கழுவி, வாசனை அடித்து, பில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பழைய ஆயிலே கிடந்து தாராகியிருக்கிறது. நம்மைக் குற்றம் சொல்ல அவர்களே எடுத்த படத்தில், அவர்கள் செய்யாமல் விட்ட வேலை பளிச்சென்று தெரிந்தது. சந்தனத்தை அழுக்காகப் பார்த்தவனுக்கு அது கோடாகத் தெரியவில்லை.

கோட்டை சர்வீஸுக்கு அப்புறம் போட்டோம் என்று சொல்லிவிடுவார்களே என்று அடுத்த யோசனை. உன் அப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரிகடலையிலிருந்து பூசணிக்காய் வரை படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டு எல்லோரையும் அறுப்பார் அல்லவா? தேடினேன். இருந்தது. திறந்த பானெட், உன் கை, அதே கோடு. அன்று குங்குமம் கொஞ்சம் அதிகமாகி வலப்பக்கம் ஒரு வால் மாதிரி வழிந்திருந்தது. கம்பெனியின் படத்திலும் அந்த வால் இருந்தது, வழிந்த அதே இடத்தில்.

சாயங்காலம் இரண்டு படங்களையும் உன்னிடம் காட்டினேன். இப்போது நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். உனக்கு ஆச்சரியம் வந்தால் "அட!" என்பாய், வலது காதைச் சொறிவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உனக்கே தெரியாது. அன்று நீ "அட" சொல்லவில்லை. காதைத் தொடவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ம்... ஆமாம்மா" என்றாய். அவ்வளவுதான். நான் இதை அனுப்பினால் உன் வேலைக்கு ஏதாவது வரலாம் என்றேன். "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய்.

நீ அதை எனக்கு முன்பே பார்த்துவிட்டாயா? கம்பெனியின் கடிதம் வந்த அன்றே அந்தப் படத்தை உனக்கும் அனுப்பினேன். எஞ்சின் படித்தவன் நீ. கோடு போட்டவனும் நீ. நூலகக்காரி ஒருத்திக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், நான் உன்னைத் திருடன் மாதிரி விசாரித்தபோது, உன்னைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சியைச் சொல்லாமல் இருந்தாயா? உன்னைக் காப்பாற்றுவது அவர்களை மாட்டிவிடும் என்பதால், அவர்களுக்காக என் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு சும்மா இருந்தாயா? அந்த மேசையில் உட்காருவதற்கு முன்னாலேயே அந்த மேசைக்காரனாகிவிட்டாயா?

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் அப்பா, "பாதி வருது, பையனுக்கு வேலையும் நிக்குது, விட்டுத்தொலையேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், மூடியைத் திறந்தது நம் வீடுதான் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். என் பெயரில் எழுதினாலும் அது உன்மேல்தான் விழும். நீ திறக்கவில்லை என்று தெரிந்த பிறகு என்னால் அது முடியவில்லை. உன் வேலைக்கு எதிராக நான் அதைச் செய்தேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் பெயருக்காகத்தான் செய்தேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். இந்த மூடியைத் திறக்காமல் பொங்கலுக்குப் பிறகு எந்த வழியாக ஆயில் ஊற்றினீர்கள்?

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக உனக்கு வந்தது. சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது, பின்னர் தெரிவிக்கப்படும் என்று. உன் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பாடு போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார். உன்னோடு படித்த வேறு சிலருக்கும் தேதி தள்ளிப்போனது என்று பின்னால் தெரிந்தது. என்னால்தான் தள்ளிப்போனதா, தற்செயலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் அந்த வட்டார மேலாளர் போன் செய்தார். குரலில் பழைய குழைவு இல்லை. எஞ்சினைக் கம்பெனி முழுச் செலவில் மாற்றித்தரும், தாளில் கையெழுத்து வேண்டாம் என்றார். எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "அது இன்டர்னல் மேடம். சம்பந்தப்பட்டவங்க மேல ஆக்‌ஷன் எடுத்தாச்சு" என்றார். யார்மேல்? போனை வைத்துவிட்டார். அங்கே ஆயில் மாற்றுகிற வேலையில் இருப்பவர்களிலேயே சம்பளம் குறைந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றுதான் என் சந்தேகம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடித்தே ஆகவேண்டும் என்று மேலிருந்து சொன்னவரும், பார்க்காமலே பில் போட்டவரும், சந்தனத்தைப் படமெடுத்து நம் தலையில் கட்டியவரும் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சந்தேகப்படாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நான் உனக்கு அப்படிச் சொல்லப்போவதில்லை. உன் வேலையே சந்தேகப்படுவதுதான். பொய் சொல்லி எஞ்சின் கேட்கிறவர்களும் வருவார்கள். நன்றாகச் சந்தேகப்படு, ஆனால் பாதியில் நிறுத்தாதே. அவர்கள் நம் வீட்டுச் சந்தனம் வரை சந்தேகப்பட்டார்கள், அங்கே வசதியாக இருந்தது, நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அடிமட்டத்து ஆள் ஒருவர் வரை வந்து நிறுத்திக்கொண்டார்கள். நான் உன் மேசையிலிருந்த பாட்டில் வரை சந்தேகப்பட்டேன், அங்கே நிறுத்தியிருந்தேன். நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய், கம்பெனி எட்டாத தூரத்தில் இருந்தது, அதனால் உன்னைப் பிடித்தேன். சந்தேகம் எப்போதும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் முதலில் போகும். உன் மேசைக்கு ஒரு படம் வரும்போது, உனக்குப் பக்கத்தில் இருப்பவர் யார், எட்டாத தூரத்தில் இருப்பவர் யார் என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுது.

இனி இன்று காலை நடந்தது. உனக்குத் தேதி வந்து, பெட்டி கட்டி, ஒருவழியாகக் கிளம்பினாய். ஜங்ஷன் போகும் வழியெல்லாம் காவிரிப் பாலம், தண்ணீர், பிளாட்பாரம் என்று மட்டும் பேசினோம். ரயில் நகரும்போது, "வீட்டுக்குப் போனதும் கூலன்ட் பாத்துரும்மா, புது எஞ்சின்ல கொஞ்ச நாளைக்கு அடிக்கடி பாக்கணும்" என்றாய். சரி என்று கையாட்டினேன். வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, பானெட்டைத் தூக்கினேன்.

புது எஞ்சினின் மூடியில் சந்தனம் இருந்தது. மூடியில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, தட்டில் இறங்கும் ஒரே இழுப்பு. நடுவில் பொட்டு, பாதி அங்கே, பாதி இங்கே. ஓரங்கள் சூட்டில் அப்போதுதான் உலரத் தொடங்கியிருந்தன. இது ஆனி மாதம். ஆனியில் யாராவது ஆயுத பூஜை செய்வார்களா? உள்ளே போய்ப் பூஜை அலமாரியைப் பார்த்தேன். சந்தனக் கிண்ணத்தில் ஈரம். நான் உனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது நீ கீழே போய்விட்டு வந்தாய், செருப்பைத் தேடினேன் என்றாய்.

அந்தக் கோடு எதைச் சொல்லும் என்று தெரிந்தவன்தான் அதை இன்று போட்டிருக்க முடியும். கூலன்ட் பார்க்கச் சொன்னதும் நான் பானெட்டைத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று சந்தேகப்படுகிறேன். நான் காட்டித்தான் உனக்குத் தெரிந்தது என்றால், இதை என்னிடம் மறைத்துச் செய்திருக்க மாட்டாய். ஆக, நீ முன்பே பார்த்திருக்கிறாய். என் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. அது என்னைக் கொஞ்சம் காயப்படுத்துகிறது, மறைக்கவில்லை. அன்று வாயைத் திறந்து சொல்லாததை இன்று விரலால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். வேலையில் சேருவதற்கு முன்னால், உன் கம்பெனிக்கு எதிராக என் கையில் ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஏன் அன்று சொல்லவில்லை என்று இனிமேல் கேட்கமாட்டேன். நீயாக ஒருநாள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

கோட்டைத் துடைக்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு வண்டி அந்தக் கோட்டோடுதான் போகும். ஆயில் மாற்றுகிற அன்று நான் அங்கே நிற்கமாட்டேன், வழக்கம் போல வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். சாயங்காலம் போய்ப் பானெட்டைத் திறந்து பார்ப்பேன். கோடு உடைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உடைந்திருந்தால், அன்றைக்கு அங்கே யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த உடைந்த பொட்டைப் படமெடுத்து உனக்கு அனுப்புவேன். அதற்கு நீ "சரிம்மா" என்று பதில் போட்டால் போதும்.